மே மாதத்திலும் வாடாத வீட்டுத் தோட்டம்: மல்காஜ்கிரியில் 120 லிட்டரை 30 லிட்டராக்குவது எப்படி?

மே மாதம், காலை ஆறரை மணி. மல்காஜ்கிரியில் ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் முதல் மெசேஜ்: "போர்ல தண்ணி வரல. டேங்கர் புக் பண்ணியாச்சா?" பத்து நிமிடத்தில் அடுத்த மெசேஜ், போட்டோவுடன். கீழ்த்தளத்து வீட்டின் புல்தரையில் ஹோஸ் பைப் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் ஆற கொஞ்சம் பச்சை வேண்டும். நாலாவது மாடியில் கைக்குழந்தை வைத்திருப்பவருக்குக் குழாயில் தண்ணீர் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று நினைப்பதுதான் தப்பு. பார்க்க அழகாகவும், குறைந்த தண்ணீரிலும் ஒரு தோட்டம் வைக்க முடியும். அதற்குக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பிளானும் போதும்.

ஒரு புல்தரை எவ்வளவு குடிக்கும்?

வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதற்கு ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது. வெப்பமான, அரை வறண்ட பகுதிகளுக்கு அது நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர். ஹைதராபாத் கோடைக்கு நடுவில் 7 என்று வைத்துக்கொள்வோம். வெப்பநாட்டுப் புல்லுக்கு அதில் சுமார் 85 சதவீதம் தேவை. அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்கப் பயன்படும்.

ஆக, 20 சதுர மீட்டர் (சுமார் 215 சதுர அடி) புல்தரைக்கு ஒரு நாளைக்கு 120 லிட்டர். மாதத்துக்கு 3,600 லிட்டர். ஹோஸில் தெறித்து, வழிந்து, நடைபாதையில் ஓடி வீணாவது தனி.

இப்போது வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் திட்டமிடல் அளவுகோல். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர். ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2021 ஜனவரியில் தொடங்கிய இலவசக் குடிநீர்த் திட்டத்தின் வரம்பு, ஒரு வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர். 16,200 உடன் 3,600 சேர்த்தால் 19,800. வரம்புக்கும் உங்களுக்கும் நடுவே வெறும் 200 லிட்டர். ஒரு சொட்டும் குழாய் போதும், அதையும் தாண்டிவிடும்.

அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதும் இல்லை. 1920-ல் கட்டிய உஸ்மான் சாகரும் 1927-ல் கட்டிய ஹிமாயத் சாகரும் ஒரு காலத்தில் இந்த நகரத்தின் தாகத்தைத் தீர்த்தன. இன்று பெரும்பகுதி கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் வருகிறது. இரண்டுமே 100 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மின்சாரம் செலவழித்து மேடேற்றிக் கொண்டுவரும் நீர். அதைச் சுத்திகரித்து, குடிக்கும் தரத்துக்குக் கொண்டுவந்து, புல்லில் ஊற்றுகிறோம்.

"இது பெங்களூரு பிரச்சினை, நமக்கென்ன" என்று தோன்றலாம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஹைதராபாத்தும் அதே தக்காணப் பீடபூமியில், அதே மாதிரி கெட்டிப் பாறைமீதுதான் உட்கார்ந்திருக்கிறது.

சென்னைத் தோட்டம் இங்கே ஏன் வாடுகிறது?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்து, அம்மா கொடுத்தனுப்பிய செடிகளை பால்கனியில் வைத்து, முதல் கோடையிலேயே பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருத்தி. உங்கள் கை ராசியில் குறை இல்லை. ஊர் வேறு, அவ்வளவுதான்.

முதல் வித்தியாசம் மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஹைதராபாத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான். அதில் முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். ஐப்பசி மழைக்குக் காத்திருந்து செடி நட்டால், இங்கே நடவுக் காலமே போயிருக்கும்.

இரண்டாவது, காற்று. சென்னைக் கோடை வியர்க்க வைக்கும். கடல் காற்றின் ஈரம் செடியிலிருந்து நீர் வெளியேறுவதை ஓரளவு மட்டுப்படுத்தும். கடலிலிருந்து தள்ளி, 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஹைதராபாத்தின் ஏப்ரல், மே காற்று காய்ந்தது. துணி சீக்கிரம் உலர்வது மாதிரியே தொட்டி மண்ணும் உலரும்.

மூன்றாவது, நிலம். இங்கே பெரும்பாலும் மணற்பாங்கான செம்மண், அடியில் கிரானைட் பாறை. தண்ணீர் சட்டென்று இறங்கும், ஆனால் தங்காது. பாறை வெடிப்புகளில் சேர்ந்திருப்பதுதான் போர்வெல் நீர். கோடை முற்றும்போது அது கீழே போய்விடும்.

ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். வறண்ட நிலத்துப் பயிர்களை ஆராய 1972-ல் சர்வதேச நிறுவனமான இக்ரிசாட் தேர்ந்தெடுத்த இடம், ஹைதராபாத்தை ஒட்டிய படான்செரு. மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான கிரிடாவும் இதே நகரத்தில்தான் இருக்கிறது. தெலங்கானா 2014-ல் தேர்ந்தெடுத்த மாநில மலர் தங்கேடு, நம்ம ஊர் ஆவாரம்பூ. மாநில மரம் ஜம்மி, நம்ம வன்னி. இரண்டுமே கட்டாந்தரையில் தன்பாட்டுக்கு வளர்பவை. பதுகம்மா பண்டிகையில் பெண்கள் அடுக்கும் மஞ்சள் பூக்களை ஒருமுறை பார்த்தீர்கள் என்றால், தண்ணீர் குறைவான ஊருக்கு நிறமும் குறைவு என்று சொல்ல மாட்டீர்கள்.

புல்தரை எங்கிருந்து வந்தது? யார் விடுகிறார்கள்?

வீட்டு முன்னால் பச்சைப் புல் என்பது ஆண்டு முழுக்கத் தூறல் விழும் குளிர்நாட்டு வழக்கம். அதைக் கடைப்பிடித்த வறண்ட ஊர்களே இப்போது அதை விட்டுக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம் 1981-ல் குறைந்த நீர்த் தோட்டத்துக்கு 'ஜெரிஸ்கேப்' என்று பெயர் வைத்தது. அதன் ஏழு விதிகள்: முதலில் பிளான், மண்ணைச் சீர்செய்தல், ஊருக்கேற்ற செடி, தேவையான இடத்தில் மட்டும் புல், சிக்கனமான பாசனம், மூடாக்கு, தொடர் பராமரிப்பு. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாகாணம் இன்னும் ஒரு படி போனது. யாரும் நடக்காத, விளையாடாத, அலங்காரத்துக்கு மட்டும் இருக்கும் பொது இடப் புல்தரைகளுக்கு 2026-க்குப் பிறகு கொலராடோ ஆற்று நீர் கிடையாது என்று 2021-ல் சட்டமே போட்டுவிட்டது.

"சரி, அப்போ செயற்கைப் புல் போட்டுடலாமா?" வேண்டாம். தண்ணீர் கேட்காது, உண்மைதான். ஆனால் அது பிளாஸ்டிக். ஹைதராபாத் வெயிலில் நிஜப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறி, பக்கத்துத் தொட்டிகளையும் சேர்த்து வாட்டும்.

அதே 20 சதுர மீட்டர், வேறு பிளான்

புல்தரை இருந்த அதே இடத்தை இப்படிப் பிரிக்கலாம்.

8 சதுர மீட்டர்: நடக்கவும் உட்காரவும். தாண்டூர் கல்லோ கடப்பா கல்லோ போட்டு, நடுநடுவே இடைவெளி விட்டு சரளைக்கல் நிரப்புங்கள். மழை நீர் அந்த இடைவெளி வழியாக மண்ணுக்குள் இறங்கும். வாசலில் கோலம் போடவும் இடம் கிடைக்கும். இதற்குத் தண்ணீர் பூஜ்யம். ஆனால் முழுக்கக் கல்லாக்கிவிடாதீர்கள், இரவு வரை அனல் அடிக்கும்.

9 சதுர மீட்டர்: குறைந்த நீர்ச் செடிகள். இவற்றின் தேவை, முன்பு சொன்ன 7 மில்லிமீட்டரில் 30 சதவீதத்துக்குள். நாளுக்குச் சுமார் 19 லிட்டர்.

3 சதுர மீட்டர்: கொஞ்சம் தாராளமாகக் கேட்கும் செடிகள். மல்லிகை, செம்பருத்தி, கீரை எல்லாம் இங்கே. சுமார் 50 சதவீதம் என்று வைத்தால் நாளுக்கு 11 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

மொத்தம் 30 லிட்டர். முன்பு 120. பூக்கள் மட்டும் கூடியிருக்கின்றன.

இதில் முக்கியமான விதி, தாகத்தை வைத்துச் செடிகளைக் கூட்டு சேர்ப்பது. கற்றாழையையும் கீரையையும் ஒரே பாத்தியில் வைத்தால், கீரைக்கு ஊற்றும் தண்ணீரில் கற்றாழை அழுகும், அல்லது கற்றாழைக்குப் பார்த்துக் கீரை வாடும். அதிகம் குடிப்பவற்றைக் கதவுக்கும் குழாய்க்கும் பக்கத்தில் வையுங்கள். குறைவாகக் குடிப்பவை வெயில் அடிக்கும் ஓரத்துக்குப் போகலாம்.

என்ன செடி? நர்சரியில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

குறைந்த நீரில் நிறம் தருபவை: காகிதப்பூ என்கிற போகன்வில்லா, அரளி, நித்தியகல்யாணி, அடீனியம், டேபிள் ரோஸ், மஞ்சள் டெகோமா, ஆவாரை. இதில் போகன்வில்லா ஒரு விசித்திரம். தண்ணீர் அதிகம் ஊற்றினால் இலையாகத் தழையும், கொஞ்சம் காயவிட்டால்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அரளியும் அடீனியமும் விஷத்தன்மை உள்ளவை. கைக்குழந்தையோ நாய், பூனையோ வீட்டில் இருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இலை அழகுக்கு: கற்றாழை, பாம்புச் செடி என்று சொல்லும் ஸ்நேக் பிளான்ட், ஊதா இலை ரியோ, எலுமிச்சைப்புல், வெட்டிவேர். வெள்ளை, சாம்பல், ஊதா என்று இலையிலேயே நிறம் மாற்றி அடுக்கினால், பூ இல்லாத மாதத்திலும் தோட்டம் வெறிச்சென்று இருக்காது.

சமையலுக்கு: கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, துளசி. தரையில் இடம் இருந்தால் முருங்கை. வேர் பிடித்த பிறகு இவை அதிகம் தொல்லை தராது.

கொடிக்கு: சங்குப்பூ, ரங்கூன் மல்லி. மேற்குச் சுவரில் ஏற்றிவிட்டால் மாலை வெயிலைத் தடுத்து வீட்டுக்குள் சூட்டையும் கொஞ்சம் குறைக்கும்.

நர்சரியில் மொழிக் குழப்பம் வரும், ஜாக்கிரதை. தெலுங்கில் 'மந்தாரம்' என்றால் செம்பருத்தி, நம்ம மந்தாரை மரம் இல்லை. 'கன்னேரு' அரளி, 'பில்ல கன்னேரு' நித்தியகல்யாணி. 'பந்தி' என்றால் செண்டுமல்லி. 'நந்திவர்தனம்' நந்தியாவட்டை. 'கலபந்த' கற்றாழை. 'வாமு ஆகு' கற்பூரவள்ளி. "அண்ணா, தக்குவ நீள்ளு சாலு, ஆ மொக்கலு காவாலி" (குறைந்த தண்ணீர் போதும், அந்தச் செடிகள் வேணும்) என்று கேட்டுப் பாருங்கள். நல்ல நர்சரிக்காரர் உங்களைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப்போவார்.

ஒன்று மறக்க வேண்டாம். எந்த வறட்சிச் செடியாக இருந்தாலும் நட்ட முதல் சில மாதங்கள் ஒழுங்காகத் தண்ணீர் கேட்கும். வேர் ஆழமாகப் போன பிறகுதான் அது 'வறட்சியைத் தாங்கும்' செடி. அதனால்தான் ஜூனில் நட வேண்டும். அந்த முதல் சில மாதங்களை மழையே பார்த்துக்கொள்ளும்.

மண்ணே முதல் தண்ணீர்த் தொட்டி

செம்மண்ணில் மட்டும் நட்டால் நீர் நிற்காது. செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், கோகோபீட் மூன்றையும் ஏறக்குறைய சமபங்கு கலப்பது தொட்டிக்குச் சரியான தொடக்கம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக வரும் கோகோபீட், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். வாங்கியதும் இரண்டு முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கலாம். கற்றாழை, அடீனியத்துக்கு மட்டும் கோகோபீட்டைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள்.

அடுத்தது மூடாக்கு. மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை, நிலக்கடலைத் தோல், நறுக்கிய தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் பரப்புங்கள். வெயில் நேராக மண்ணில் படாது. தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். செலவே இல்லாத வேலை இது. செய்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

தொட்டியிலும் கணக்கு உண்டு. சிறிய தொட்டிகள் பத்தைவிடப் பெரிய தொட்டிகள் மூன்று நல்லது. சிறிய தொட்டி சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் காயும். மண் தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் போகும், ஆனால் வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். அதனால் மேற்கு வெயில் படும் இடத்தில் மண் தொட்டியைத் தனியாக நிறுத்தாமல், கூட்டமாக நெருக்கி வையுங்கள். ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு ஊற்றணும்? தராசைக் கேளுங்கள்

"தினமும் ஒரு மக்" என்பதுதான் நம் வழக்கம். அது தோராயம். சரியான பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் அந்தக் கொக்கித் தராசுதான்.

மாலையில் ஒரு தொட்டிக்கு நன்றாக நீர் ஊற்றி, வடிந்ததும் துணிப்பையில் வைத்துத் தூக்கி எடை பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் பாருங்கள். 9.4 கிலோ இருந்தது 8.6 ஆகியிருந்தால், அந்தத் தொட்டி ஒரு நாளில் 800 மில்லி நீரை இழந்திருக்கிறது. ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். மாதத்துக்கு ஒருமுறை, வகைக்கு ஒரு தொட்டியை இப்படிப் பார்த்தால் போதும். டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் செடியிலேயே எண்ணாகத் தெரியும்.

தராசு இல்லையா? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மேல் மண் காய்ந்திருப்பதைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள்.

தரையில் நட்ட செடிகளுக்குத் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுவது நல்லது. மேலாக நனைத்தால் வேர் மேலேயே நிற்கும், மேலே நிற்கும் வேர்தான் மே மாதத்தில் முதலில் சாகும். காலை ஏழு மணிக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள்.

சொட்டுநீர் போட்டால் இன்னும் எளிது. ஒரு பக்கெட்டை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, மெல்லிய குழாயும் சொட்டுவானும் இணைத்தாலே பால்கனிக்குப் போதும். மணிக்கு 4 லிட்டர் என்று குறித்திருக்கும் சொட்டுவான், முழு அழுத்தத்தில் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் தரும். பக்கெட் உயரத்தில் அழுத்தம் குறைவு, அதனால் ஒரு டம்ளர் வைத்து நீங்களே அளந்து நேரத்தை முடிவு செய்யுங்கள்.

இதைவிடப் பழைய தொழில்நுட்பம் பானைப் பாசனம். பெயின்ட் அடிக்காத சின்ன மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவைப்பது. பானையின் நுண்துளை வழியாக, மண் கேட்கும் அளவுக்கு மட்டும் நீர் கசியும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் நூலிலேயே இது இருக்கிறது. மூடியை மறந்தால் கொசு வளரும், டெங்கு சீசனில் அது பெரிய விலை.

வீட்டிலேயே வீணாகும் நீர்

நாளுக்கு 30 லிட்டர்தானே தேவை? இப்போது சமையலறைக்கு வாருங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம்: பல வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு இரண்டு லிட்டரோ அதற்கு மேலோ வெளியே தள்ளும். குடிக்க, சமைக்க 12 லிட்டர் எடுத்தால் குறைந்தது 24 லிட்டர் கழிவு. தோட்டத்தின் தேவையில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. ஆனால் எல்லா உப்பும் இந்தக் கழிவில்தான் சேரும். ஒரு டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். பாசன நீருக்கான ஐ.நா. வேளாண் அமைப்பின் வழிகாட்டுதலில், லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை கவனம் தேவை. அதற்கு மேல் போனால் வேண்டாம்.

உள்ளே போகும் நீர் 300 என்றால், மூன்றில் இரண்டு பங்கு கழிவாகும் இயந்திரத்தில் கழிவுநீர் சுமார் 450 இருக்கும். இது செடிக்குத் தாங்கும். போர் நீர் 1,000 என்றால் கழிவு 1,500 ஆகும். அதை அரளி, போகன்வில்லாவுக்கு மட்டும், அதுவும் நல்ல நீரோடு மாற்றி மாற்றி ஊற்றுங்கள். மண்ணின் மேல் வெள்ளைப் படிவம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு விஷயம்: இந்தியக் குடிநீர்த் தரநிலையில் டி.டி.எஸ்.ஸின் ஏற்கத்தக்க அளவு 500. உங்கள் வாரியக் குழாய் நீர் அதற்குக் கீழே இருந்தால், டி.டி.எஸ். காரணத்துக்காக ஆர்.ஓ. வேண்டியதில்லை. மற்ற பரிசோதனை முடிவுகளையும் பார்த்து முடிவெடுங்கள்.

ஏ.சி. நீர்: உப்பு ஏறக்குறைய இல்லாதது. ஆர்.ஓ. கழிவோடு கலக்க இதுதான் சிறந்த ஜோடி. ஆனால் ஹைதராபாத்தின் காய்ந்த கோடைக் காற்றில் சென்னை அளவுக்குச் சொட்டாது. அதிகம் நம்ப வேண்டாம்.

அரிசி, காய்கறி கழுவிய நீர்: நேராகச் செடிக்கு. நம் பாட்டிமார் யாரும் இதற்கு ஜெரிஸ்கேப் என்று பெயர் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

வாஷிங் மெஷின் நீர்: சோப்புத்தூளின் சோடியம் மண்ணைக் கெட்டியாக்கும். கடைசி அலசல் நீரை மட்டும், பூச்செடிகளுக்கு மட்டும். கீரைக்கு வேண்டவே வேண்டாம்.

மொட்டை மாடியா? முதலில் எடையைப் பாருங்கள்

இது தண்ணீர் விஷயம் இல்லை, உயிர் விஷயம். ஆட்கள் ஏறி நடமாடும் கூரைக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் கூடுதல் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமண் நிரப்பிய பாத்தி, சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். மூன்று மடங்கு. அதனால் மாடியில் தொடர்ச்சியான மண் பாத்தி கட்டுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். பழைய கட்டடம் என்றால் இன்னும் கவனம். கோகோபீட் அதிகம் கலந்த குரோ பேக்குகளை உத்தரம், சுவர் ஓடும் கோட்டின் மேல் ஸ்டாண்டு போட்டு, பரவலாக வைப்பதுதான் பாதுகாப்பான வழி. மாடிக்குத் தண்ணீர் குறைவாகப் போனால் ஒழுகலும் குறையும், கீழ் வீட்டுக்காரரோடு உறவும் நிலைக்கும்.

மழையைப் பிடித்தால் எவ்வளவு கிடைக்கும்?

மறுபடியும் அதே வரி. 100 சதுர மீட்டர் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை, அதில் 80 சதவீதம் பிடிபடும் என்றால் ஆண்டுக்கு 64,000 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் கணக்கில் ஏறக்குறைய 13 லோடு.

அவ்வளவையும் சேமித்துவைக்க இடம் கிடையாது. ஆனால் தோட்டத்துக்கென்று 1,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தால், நாளுக்கு 30 லிட்டர் வீதம் 33 நாள் ஓடும். ஏப்ரலில் ஒரு இடிமழை 20 மில்லிமீட்டர் கொட்டினால், அதே கூரையிலிருந்து 1,600 லிட்டர் வரும், தொட்டி மறுபடி நிறைந்துவிடும். வழிவது உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். தமிழ்நாட்டில் 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கேயும் 2002-ன் நீர், நிலம், மரங்கள் சட்டம் மழைநீர் சேகரிப்பை வலியுறுத்துகிறது. உங்கள் அபார்ட்மென்ட்டில் குழி இருக்கலாம், தூர்ந்து போயிருக்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். சபில்குடா ஏரியோ ராமகிருஷ்ணாபுரம் ஏரியோ பக்கத்தில் இருப்பதால் மட்டும் உங்கள் போர் நிறையாது, உங்கள் மனையில் விழும் மழையும் உள்ளே போக வேண்டும்.

ஒரு வருடத் திட்டம்

ஜூன்: முதல் நல்ல மழைக்குப் பிறகு நடவு. ஜூலை முதல் செப்டம்பர்: களை எடுப்பு, தொட்டித் தட்டுகளில் நீர் தேங்காமல் பார்ப்பது. அக்டோபர், நவம்பர்: கவாத்து, உரம், கீரை விதைப்பு. டிசம்பர், ஜனவரி: தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், அதிகம் ஊற்றித்தான் குளிர்காலத்தில் செடி சாகும். பிப்ரவரி: மூடாக்கைப் புதுப்பிப்பது, சொட்டுவான் அடைப்பு எடுப்பது. மார்ச் கடைசியில்: 50 சதவீத நிழல்வலை, மேற்குப் பக்கத் தொட்டிகளைக் கிழக்குக்கு மாற்றுவது. ஏப்ரல், மே: புதுச் செடி எதுவும் வாங்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம்!

பொங்கலுக்கோ கோடை லீவுக்கோ பத்து நாள் ஊருக்குப் போகிறீர்களா? தொட்டிகளை நிழலில் கூட்டி வையுங்கள். நடுவில் மூடி போட்ட பக்கெட்டில் நீர். அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தடித்த பருத்திக் கயிறு, ஒரு முனை நீரில், மறுமுனை மண்ணுக்குள் மூன்று அங்குலம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு தொட்டியில் சோதித்துப் பாருங்கள், கயிறுக்குக் கயிறு வேகம் மாறும்.

கடைசியாக, ஒரு எண்

120 லிட்டருக்குப் பதில் 30 என்றால் நாளுக்கு 90 லிட்டர் மிச்சம். ஒரு வீட்டுக்கு இது பெரிதாகத் தெரியாது. தரைத்தளத்தில் தோட்டம் வைத்த பத்து வீடுகள் சேர்ந்தால், கோடை மாதம் ஒன்றில் 27,000 லிட்டர். ஐந்து டேங்கருக்கும் மேல். வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சண்டையும் மிச்சம்.

இந்த வார இறுதியில் மூன்றே மூன்று வேலை. ஒரு தொட்டியை எடை பாருங்கள். ஆர்.ஓ. கழிவுக் குழாயின் கீழே ஒரு பக்கெட் வையுங்கள். காய்ந்த இலைகளைக் குப்பையில் போடாமல் மண்ணின் மேல் பரப்புங்கள். மீதியை ஜூன் மழை வரும்வரை யோசிக்க நேரம் இருக்கிறது.